ஆங்கிலத் தேர்வுக்குச் சொல் சேர்ப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் குடியேற்றத்துக்குமாக ஆங்கிலத் தகுதித் தேர்வு எழுதுகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சொல்வளத்தைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இம்மாதம் பதில் எழுதியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: ஐ.இ.எல்.டி.எஸ். (ஐயெல்ட்ஸ்) ஆங்கிலத் தேர்வுக்காகப் பயிற்சி மையத்தில் 3000 கடினச் சொற்களின் பட்டியல் தந்தார்கள். அதில் 2000 சொற்களுக்கு மேல் மனப்பாடம் செய்துவிட்டேன். இரண்டு முறை எழுதியும் எழுத்துப் பகுதியில் 5.5-ஐத் தாண்டவில்லை. நான் பயிற்சிக்கு எழுதிய கட்டுரை ஒன்றை இணைத்திருக்கிறேன். குறை எங்கே இருக்கிறது?
– பொறியியல் பட்டதாரி, சேலம்

பதில்: உங்கள் கட்டுரையை மூன்று முறை படித்தேன். நகரப் போக்குவரத்து நெரிசலைப் பற்றிய கட்டுரை அது. கருத்தில் குறையில்லை, தனியார் வாகனங்களைக் கட்டுப்படுத்துவதற்கு முன் பேருந்து வசதியைப் பெருக்க வேண்டும் என்ற உங்கள் வாதம் நன்றாகவே நிற்கிறது. ஆனால் அந்த வாதத்தைச் சொல்லும் இடத்தில் 'தி கவர்ன்மென்ட் ஷுட் அமெலியரேட் தி பஸ்ஸஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் 'அமெலியரேட் – மேம்படுத்து' என்று ஒரே வரியில் இருந்திருக்கும். பேருந்தை மேம்படுத்த வேண்டும் என்று நினைத்தீர்கள், அந்தச் சொல்லை எடுத்துப் பொருத்திவிட்டீர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் துன்பம், வறுமை, மோசமான நிலைமை போன்றவற்றோடுதான் சேரும், பேருந்தோடு சேராது. 'இம்ப்ரூவ் பஸ் சர்வீசஸ்' என்று எட்டாம் வகுப்பில் படித்த சொல்லை எழுதியிருந்தால் அந்த வரியில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. தமிழ் இலக்கணம் ஏழு வகை வழுக்களைச் சொல்கிறது; அவற்றுள் ஏழாவது மரபு வழு. தென்னந்தோப்பைத் தென்னந்தோட்டம் என்று சொன்னால் பொருள் விளங்கும், ஆனாலும் அது வழு என்று பள்ளிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். நெல்லை அறுக்கிறோம், பூவைப் பறிக்கிறோம், வெற்றிலையைக் கிள்ளுகிறோம், பல்லைத் துலக்குகிறோம், தலையை வாருகிறோம். வெற்றிலையை அறுத்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் தமிழை அகராதியிலிருந்து கற்றவர் என்று நமக்கு உடனே தெரிந்துவிடும். ஆங்கிலத் தேர்வாளருக்கும் 'அமெலியரேட் தி பஸ்ஸஸ்' அப்படித்தான் கேட்கிறது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்கிற இந்தச் சேர்க்கையை ஆங்கிலத்தில் 'கொலோகேஷன்' என்கிறார்கள். நான் வகுப்பில் சொல் மரபு என்றே சொல்வது வழக்கம்.

தேர்வின் மதிப்பீட்டு முறையைப் பாருங்கள். எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல்கள் உள்ளன: கேட்டதற்கு விடை சொல்லியிருக்கிறதா, கருத்துகள் கோவையாக ஓடுகின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு. ஏழாம் பேண்டில், அதாவது 7 என்ற மதிப்பெண் நிலையில், சொல்வளத்துக்கு எதிர்பார்க்கப்படுவது, அதிகம் புழங்காத சில சொற்களை நடையும் சேர்க்கையும் அறிந்து கையாளும் திறமை. ஆறாம் பேண்டில் துணிந்து பல சொற்களைக் கையாள்பவர் அதற்கேற்பப் பிழையும் கூடுதலாகச் செய்வார் என்று விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. எனவே அரிய சொல்லை எழுதியதற்காக யாரும் தனியாக மதிப்பெண் தருவதில்லை. அதோடு, 'இன் திஸ் கன்டெம்பரரி ஈரா' என்று தொடங்கி, நடுவில் 'எ ப்ளெதோரா ஆஃப்' என்று மூன்று முறை வந்து, 'எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்' என்று முடியும் கட்டுரை, பார்த்த மாத்திரத்திலேயே மனப்பாடம் என்று தெரிந்துவிடும். மனப்பாட வரிகளை அடையாளம் காணத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

வரைபடத்தை விவரிக்கும் முதல் வினாவிலும் இதே தொல்லை வரும். 20 விழுக்காடு 22 விழுக்காடாக உயர்ந்திருக்கும். மாணவர் 'ஸ்கைராக்கெட்டட்' என்று எழுதியிருப்பார். அங்கே வேண்டியது 'ரோஸ் ஸ்லைட்லி' என்ற இரண்டு எளிய சொற்கள். அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே 'வானளாவ உயர்ந்தது' என்று தமிழில் எழுதுவீர்களா?

இனிச் செய்ய வேண்டியது என்ன என்றால், அந்த 2000 சொற்களிலிருந்து கட்டுரைகளில் உண்மையிலேயே தேவைப்படும் 200 சொற்களைப் பிரித்தெடுங்கள். அவை பெரும்பாலும் உங்களுக்கு முன்பே தெரிந்த சொற்களாக இருக்கும். 'ப்ராப்ளம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், அதற்கு முன்னால் வரும் வினைகள் 'காஸ்', 'ஃபேஸ்', 'டேக்கிள்', 'சால்வ்'; அதைச் சிறப்பிக்கும் அடைகள் 'சீரியஸ்', 'க்ரோயிங்', 'ப்ரெஸ்ஸிங்'. இந்த ஏழையும் ஒரு பக்கத்தில் அதைச் சுற்றி எழுதுங்கள். நம் 'செய்' என்ற ஒரு வினைக்கு ஆங்கிலத்தில் இரண்டு பங்காளிகள் இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முயற்சி செய்தால் 'மேக் அன் எஃபர்ட்', தவறு செய்தால் 'மேக் எ மிஸ்டேக்', ஆனால் வீட்டுப்பாடம் செய்தால் 'டூ ஹோம்வொர்க்'. உங்கள் கட்டுரையில் 'டூ மிஸ்டேக்ஸ்' இரண்டு இடங்களில் இருக்கிறது.

கேள்வி: மொத்தம் எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரிந்தால் போதும்? ஒருவர் 5000 என்கிறார், இன்னொருவர் 20,000 என்கிறார்.
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: தேர்வு நடத்துபவர்கள் இத்தனை சொற்கள் என்று எந்தக் கணக்கும் வைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களின் கணக்குகள் இருக்கின்றன. அவை சொல்லை எண்ணுவதில்லை, சொற்குடும்பத்தை எண்ணுகின்றன. 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனலிஸ்ட்', 'அனலிட்டிக்கல்' நான்கும் ஒரே குடும்பம். உங்களுக்குச் சொல்லப்பட்ட எண்கள் முரண்படுவதற்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் அடுக்கு, ஏறக்குறைய 2000 பொதுச் சொற்கள். இவற்றை 1953-இல் பட்டியலாக வெளியிட்டவர் மைக்கேல் வெஸ்ட். அவர் 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்து, வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டைக் கண்கூடாகப் பார்த்தவர். கற்பவருக்கு அளவான சொல்தொகை வேண்டும் என்ற எண்ணம் நம் துணைக்கண்டத்து வகுப்பறையில் உரம் பெற்றது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. இரண்டாவது அடுக்கு, நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல். ஏறக்குறைய 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல்களையும் கட்டுரைகளையும் ஆராய்ந்து, வெஸ்ட்டின் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களை அவர் பிரித்தெடுத்தார். கல்வி நூல்களில் வெஸ்ட்டின் சொற்கள் ஏறத்தாழ 76 விழுக்காடு, காக்ஸ்ஹெட்டின் சொற்கள் 10 விழுக்காடு. இரண்டும் தெரிந்தால் 86 விழுக்காடு கைக்கு வந்துவிடும்.

86 நல்ல மதிப்பெண்போலத் தோன்றும். ஆனால் ஏழு சொல்லுக்கு ஒரு சொல் தெரியாமல் படிப்பது கல்லும் நெல்லும் கலந்த அரிசியைச் சாப்பிடுவது போன்றது. இடறாமல் படிக்க 98 விழுக்காடு வேண்டும், அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். நாளிதழையும் நாவலையும் அப்படிப் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது பால் நேஷன் என்ற அறிஞரின் கணிப்பு. இதை ஆறு மாதத்தில் மனப்பாடம் செய்ய முடியாது. தொடர்ந்து படித்தால் தானே சேரும்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். காக்ஸ்ஹெட்டின் முதல் 60 சொற்குடும்பங்களில் 'அப்ரோச்', 'பெனிஃபிட்', 'ஃபாக்டர்', 'இஷ்யூ', 'பாலிசி', 'சோர்ஸ்' எல்லாம் இருக்கின்றன. எல்லாம் தெரியும் என்பீர்கள். ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'பெனிஃபிட்' வினையாக வரும்போது அடுத்து 'ஃப்ரம்' வருமா, 'ஆஃப்' வருமா என்று தயங்கினால், அது நீங்கள் முகம் மட்டும் அறிந்த சொல். இன்னும் பழகிய சொல் ஆகவில்லை. படித்தல் பகுதிக்கு முகம் தெரிந்தால் போதும், எழுதுவதற்கும் பேசுவதற்கும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: எனக்கு 41 வயது. வங்கியில் வேலை செய்கிறேன். கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிக்க இருக்கிறேன். இரவில் படித்த சொற்கள் காலையில் மறந்துவிடுகின்றன. வயதாகிவிட்டதா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: வயதின்மேல் பழி போட வேண்டாம். 1885-இல் வெளியிட்ட ஆய்வுக்காக எர்மான் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்தார். முதல் நாளுக்குள்ளேயே பெரும்பகுதி மறந்துபோயிற்று. அப்போது அவருக்கு உங்களைவிட வயது குறைவு. அவர் கண்ட இன்னொன்று, இடைவெளி விட்டு மீண்டும் பார்த்தால் அடுத்த முறை மறதி மெதுவாக வருகிறது என்பது.

இதைக் கொண்டு செபாஸ்டியன் லைட்னர் என்ற இதழாளர் 1970களில் அட்டைப்பெட்டி முறையைப் பரப்பினார். ஒரு பெட்டியில் ஐந்து அறைகள் இருக்கும். புதிய அட்டை முதல் அறைக்குப் போகும்; தினமும் அதைப் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அடுத்தது வாரத்துக்கு ஒரு முறை, அப்படியே இடைவெளி நீளும். எந்த அறையில் தவறினாலும் அட்டை முதல் அறைக்கே திரும்பிவிடும். கைப்பேசிச் செயலிகளும் இதே வேலையைச் செய்கின்றன. நான் பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி அட்டை செய்தவன், இன்றும் அதையே பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் கையால் எழுதும்போதே பாதி பதிந்துவிடுகிறது.

அட்டையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதே முக்கியம். முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் அதன் தமிழ்ப் பொருள் என்றால், மேலே சேலம் நண்பருக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். முன்பக்கம் ஒரு முழு வாக்கியத்தை எழுதி, கற்க வேண்டிய சொல்லின் இடத்தில் கோடு போட்டுவிடுங்கள். அந்த வாக்கியம் உங்கள் மேசையிலிருந்தே வரட்டும். வங்கியில் நீங்கள் நாள்தோறும் கேட்கும் 'அவுட்ஸ்டாண்டிங்' நிலுவைத் தொகையைக் குறிக்கிறது; அதே சொல் ஓட்டப்பந்தய வீரரைப் பற்றி வந்தால் தலைசிறந்தவர் என்று பொருள். 'இன்டரஸ்ட்' வட்டியும் ஆகும், ஆர்வமும் ஆகும். வைப்புத்தொகை 'மெச்சூர்' ஆகிறது. பக்குவப்பட்ட இளைஞரும் 'மெச்சூர்'. காசோலைப் புத்தகத்தை 'இஷ்யூ' செய்கிறீர்கள். கட்டுரையில் 'இஷ்யூ' விவாதத்துக்குரிய பிரச்சினை. உங்களிடம் இருக்கும் இத்தகைய நூறு சொற்களின் மறுமுகத்தை முதலில் கற்றால், புதிய சொல் ஒன்றைக்கூடத் தொடாமல் சொல்வளம் கூடிவிடும்.

பொருள் பார்க்க ஆங்கிலம்–ஆங்கிலம் கற்போர் அகராதியை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் விளக்கங்கள் எளிய சொற்களுக்குள் அடங்கியவை. 1978-இல் வெளிவந்த லாங்மன் அகராதி ஏறக்குறைய 2000 சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களையும் விளக்கிவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். அட்டைக்கு அதையே எடுக்கலாம். கனடாவின் மொழி அளவுகோலில் ஒன்பதாம் நிலையைக் குறிவைத்தால் ஐயெல்ட்ஸில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும் என்பதை நினைவில் வைத்து, காதுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். இங்கிலாந்து வேலைக்காக ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதலாமா, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதலாமா? மருத்துவச் சொற்கள் எனக்கு நன்றாகத் தெரியும், எனவே ஓ.இ.டி. எளிது என்கிறார்கள். சரியா?
– செவிலியர், நாகர்கோவில்

பதில்: பாதி சரி. பிரிட்டனின் செவிலியர் மன்றம் இரண்டையும் ஏற்கிறது. ஐயெல்ட்ஸ் என்றால் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5, ஓ.இ.டி. என்றால் அதே மூன்றிலும் 'பி' தரம், எழுத்தில் 'சி பிளஸ்'. ஐயெல்ட்ஸில் விண்வெளிச் சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுத நேரலாம், ஓ.இ.டி.யில் ஒரு நோயாளியின் குறிப்புகளைப் படித்து, இன்னொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ 180 முதல் 200 சொற்களுக்குள் கடிதம் எழுதுவீர்கள். எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு நான் ஓ.இ.டி.யையே சொல்வேன்.

ஆனால் 'மருத்துவச் சொற்கள் தெரியும், எனவே எளிது' என்ற காரணத்தை ஏற்க மாட்டேன். ஓ.இ.டி. பேச்சுப் பகுதியில் உங்கள் எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். ஐந்து நிமிட உரையாடல் இரண்டு நடக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அட்டையைப் படித்துத் தயாராக மூன்று நிமிடம். அங்கே உங்கள் மருத்துவச் சொற்களை மறைத்துவைக்கத் தெரிவதுதான் திறமை. 'எடிமா' என்றால் அவருக்குப் புரியாது, 'ஸ்வெல்லிங்' என்றால் புரியும். 'ஆம்புலேட்' பண்ணுங்கள் என்றால் விழிப்பார், 'ட்ரை டு வாக் அரௌண்ட் எ லிட்டில்' என்றால் எழுந்து நடப்பார். 'ஹைப்பர்டென்ஷன்' என்று சொன்ன மறு நொடியே 'ஹை ப்ளட் ப்ரஷர்' என்று விளக்கிவிட வேண்டும்.

அடுத்தது நம் மருத்துவமனை ஆங்கிலம். 'லூஸ் மோஷன்', 'கிட்டினஸ்', 'வாமிட்டிங் சென்சேஷன்', 'ஷுகர் பேஷண்ட்' இவையெல்லாம் இங்கே எந்த வார்டிலும் செல்லும். அங்கே அந்த நோயாளி 'டயரியா' என்பார், 'டிஸி' என்பார், குமட்டலை 'ஐ ஃபீல் சிக்' என்பார். 'ஐ ஹேவ் பீன் சிக் ட்வைஸ்' என்று ஒரு பிரிட்டிஷ் முதியவர் சொன்னால், இரண்டு முறை உடம்பு சரியில்லாமல் போனது என்று பொருளன்று. இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார். இதைத் தவறாகக் குறித்துக்கொண்டால் போவது தேர்வு மதிப்பெண் மட்டுமன்று. 'ஆஃப் கலர்', 'அண்டர் த வெதர்' இரண்டும் லேசாக உடம்பு முடியாமல் இருப்பதைச் சொல்பவை. 'ட்ரபிள் வித் மை வாட்டர்வொர்க்ஸ்' என்பது சிறுநீர்த் தொல்லையைக் கூச்சத்தோடு சொல்லும் வழக்கு. இறப்பைச் சொல்ல 'எக்ஸ்பயர்ட்' என்று வார்டுப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. குடும்பத்தாரிடம் அங்கே அப்படிச் சொன்னால், காலாவதியான மாத்திரைக்குச் சொல்லும் சொல்லாகவே அவர்கள் காதில் விழும். 'டைட்' என்றோ 'பாஸ்ட் அவே' என்றோ சொல்ல வேண்டும்.

வலியைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வலிக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பது உங்கள் நோயாளிகளைக் கேட்டு உங்களுக்கே தெரியும். அவற்றை வைத்தே ஆங்கிலத்தைக் கட்டலாம். விண்விண்ணென்று தெறித்தால் 'த்ராபிங்'. சுருக்கென்று குத்தினால் 'ஸ்டாபிங்'. மூட்டில் விடாமல் குடைச்சல் எடுத்தால் 'நேகிங் ஏக்' ஏறக்குறைய அருகில் வரும். காந்தினால் 'ஸ்டிங்கிங்'. நெஞ்சு கரித்தால் 'ஹார்ட்பர்ன்'. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் 'க்ராம்ப்', கழுத்து பிடித்துக்கொண்டால் 'ஸ்டிஃப் நெக்'. கால் மரத்துப்போனால் 'நம்'. மரத்த காலில் உணர்வு திரும்பும்போது முள் குத்துவது போல் இருக்குமே, அது 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. அவர்கள் முள்ளுக்குப் பதில் ஊசியைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தை இரண்டு வாரம் வார்டிலேயே பழகலாம்: நோயாளி தமிழில் சொல்லச் சொல்ல, நீங்கள் மனத்துக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பேச்சுத் தேர்வில் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று சொன்னேன். நண்பர் சிரித்தார். நாம் பேசும் ஆங்கிலம் முழுவதுமே தவறா?
– திருச்சி வாசகர்

பதில்: தவறு என்பதைவிட, வெளியூரில் வேறு பொருள் தரும் என்பதே பொருத்தம். கல்லூரிப் படிப்பை முடித்ததாக நீங்கள் சொன்னீர்கள். 2019-இல் மயங்கி விழுந்ததாகவும் அது கேட்கும். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிடுங்கள். 'டவுட்' என்பதை நாம் கேள்வி என்ற பொருளில் சொல்கிறோம், அவர்களுக்கு அது நம்பிக்கையின்மை. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று ஆசிரியரிடம் சொன்னால் அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று ஆகும். சொந்த ஊருக்கு 'நேட்டிவ்', வெளியூர் போனதற்கு 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', பெரியப்பா மகனுக்கு 'கசின் பிரதர்' எல்லாம் இந்தக் கூட்டம். 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்', 'கோப் அப் வித்' ஆகியவற்றில் ஒரு சொல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கழற்றிவிட வேண்டும். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்', 'ஃபர்னிச்சர்' நான்குக்கும் பன்மை விகுதி இல்லை.

ஆனால் குறித்த நாளை முன்னுக்குக் கொண்டுவருவதைச் சொல்லும் 'ப்ரிபோன்' என்ற நம்மவர் சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணியையும் முன்பே எடுத்துக்கொண்ட மொழிதானே அது. உங்கள் உச்சரிப்பில் திருச்சி வாடை அடிப்பதற்காகவும் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. சொன்னது புரிகிறதா என்பதுதான் கணக்கு.

கேள்வி: படித்தல் பகுதியில் 8 வாங்குகிறேன், கேட்டலில் 6 தான் வருகிறது. பதில் தெரிந்தும் மதிப்பெண் போய்விடுகிறது.
– யாழ்ப்பாண வாசகி

பதில்: கேட்டலில் எழுத்துப்பிழை இருந்தால் விடை தவறு; பாதி மதிப்பெண் என்பது கிடையாது. பிரிட்டிஷ் எழுத்துமுறையும் அமெரிக்க எழுத்துமுறையும் ஏற்கப்படும், ஆனால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது முறை ஏற்கப்படாது. 'அக்காமடேஷன்' என்ற சொல்லில் 'சி' இரண்டு, 'எம்' இரண்டு. இந்த ஒரு சொல்லிலேயே மதிப்பெண் இழந்த மாணவர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். 'கவர்ன்மென்ட்', 'என்விரான்மென்ட்' இரண்டிலும் 'எம்' எழுத்துக்கு முன் காதில் சரியாக விழாத ஓர் 'என்' இருக்கிறது. 'பெப்ரவரி' மாதத்தில் 'பி'யை அடுத்து ஓர் 'ஆர்' ஒளிந்திருக்கிறது. இரண்டு சொற்களுக்கு மேல் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மூன்று சொற்கள் எழுதிய விடை தவறு, பன்மைக்கு உரிய 'எஸ்' விட்டுப்போனாலும் தவறு. ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும்.

பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடத்தில் 'ஏ', 'ஈ', 'ஐ' மூன்றும், 'ஜி', 'ஜே' இரண்டும் குழப்பும். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' வேறுபாடு அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. கண்ணால் கற்ற சொல்லைக் காது அடையாளம் காணாததே உங்கள் இரண்டு மதிப்பெண் இடைவெளிக்கு முதன்மையான காரணமாக இருக்கும். 'போட்டோகிராப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில், 'போட்டோகிராபர்' என்பதில் இரண்டாம் அசையில். நாமோ எல்லா அசையையும் சமமாகச் சொல்லிப் பழகியவர்கள். இனி எந்தச் சொல்லை எழுதிக்கொண்டாலும் அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டு, அழுத்தம் விழும் அசையின் அடியில் கோடிட்டு வையுங்கள்.

கேள்வி: தேர்வுக்கு 12 நாள்தான் இருக்கிறது. எந்தச் சொற்களைப் படிப்பது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சென்னை

பதில்: புதிய சொல் எதையும் படிக்காதீர்கள். இதுவரை நீங்கள் எழுதிய பயிற்சிக் கட்டுரைகளை எடுத்து, நீங்களே திரும்பத் திரும்ப எழுதும் சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். 'வெரி இம்பார்டன்ட்', 'குட்', 'பேட்', 'திங்ஸ்', 'பீப்பிள்' ஆகிய ஐந்தும் நிறைய இருக்கும். அவை வரும் இடங்களில் அந்த வாக்கியத்துக்குப் பொருந்தும் ஒரு சொல்லை மட்டும் மாற்றி எழுதிப் பாருங்கள். 'பேட் எஃபெக்ட்' என்ற இடத்தில் 'ஹார்ம்ஃபுல் எஃபெக்ட்' என்றால் போதும். 'சீப்' என்று எழுதிய இடத்தில் தரக்குறைவு என்ற வாடை வேண்டாமென்றால் 'அஃபோர்டபிள்' என்று மாற்றலாம், 'கிட்ஸ்' என்பதைச் 'சில்ட்ரன்' ஆக்கலாம். நாளுக்கு ஒரு கட்டுரை வீதம் பத்து நாளுக்குப் பத்து கட்டுரை. இரண்டாம் வினாவுக்கு முதல் வினாவைவிட இரு மடங்கு மதிப்பு என்பதால் அதற்கே 40 நிமிடம் ஒதுக்கி, கடைசி மூன்று நிமிடத்தில் எழுத்துப்பிழை பாருங்கள். பதினோராம் நாள் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். பன்னிரண்டாம் நாள் மாலையில் குறிப்பேட்டை மூடிவிட்டு, பதிவின்போது கொடுத்த பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.